அடுத்த கிருமிப்பரவலுக்கு உங்கள் குடும்ப மருத்துவர் தயாரா?

தொண்டை கரகரக்கிறது. உடம்பு லேசாகச் சுடுகிறது. முதலில் எங்கே போவீர்கள்?

"வேற எங்க, புளோக்குக்குக் கீழ இருக்கிற கிளினிக்குக்குத்தான்" என்பதே நம்மில் பலரின் பதிலாக இருக்கும்.

சிங்கப்பூரில் ஏறத்தாழ 1,800 தனியார் பொது மருந்தகங்கள் உள்ளன. அடிப்படை மருத்துவப் பராமரிப்பில் கிட்டத்தட்ட 80 விழுக்காட்டை அவைதான் கவனித்துக்கொள்கின்றன. எஞ்சிய 20 விழுக்காடு பலதுறை மருந்தகங்களின் பங்கு.

கிருமிப்பரவல் என்றதும் தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது மருத்துவமனைகளையும், 330 படுக்கைகள் கொண்ட தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தையும்தான். ஆனால் நோயாளிகள் பலர் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே ஒரு சிறிய மருந்தகத்தின் கதவைத் திறந்திருப்பார்கள். அந்த மருத்துவர் தயாராக இல்லையென்றால் மருத்துவமனைக்கும் மூச்சு முட்டும்.

அந்தத் தயார்நிலை எப்படி உருவானது? எங்கே தடுமாறியது? அதில் உங்கள் பங்கு என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிருமிப்பரவலின்போது குடும்ப மருத்துவருக்கு என்ன வேலை?

மூன்று வேலைகள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். அதுதான் சிரமம்.

முதலாவது, பிரித்தறிவது. சாதாரணச் சளிக்கும் ஆபத்தான புதிய கிருமிக்கும் ஆரம்ப அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காலையில் வரும் 40 பேரில் யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரைச் சோதிப்பது, யாரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புவது என்று சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, லேசான பாதிப்பு உள்ளவர்களை மருத்துவமனைக்கு அனுப்பாமலேயே கவனித்துக்கொள்வது. அவர்கள் அனைவரும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், மாரடைப்போடு வருபவருக்கு இடம் இருக்காது.

மூன்றாவது வேலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிருமி பரவுகிறது என்பதற்காக நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் விடுப்பு எடுத்துக்கொள்வதில்லை. அப்பாவுக்கு மாத்திரை தொடர்ந்து கிடைக்க வேண்டும். அம்மாவின் சர்க்கரை அளவை யாராவது பார்க்க வேண்டும்.

இத்தனையையும் செய்யும் மருந்தகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மருத்துவர். பதிவு செய்யவும் மருந்து எடுத்துக் கொடுக்கவும் ஓரிரண்டு உதவியாளர்கள். காத்திருக்கும் இடத்தில் பத்து நாற்காலி. மருத்துவருக்கே தொற்று வந்துவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

சார்ஸ் கற்றுக்கொடுத்தது என்ன?

2003ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் சார்ஸ் நோய் சிங்கப்பூருக்குள் வந்தது. மொத்தம் 238 பேர் பாதிக்கப்பட்டனர். 33 பேர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டோரில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் சுகாதார ஊழியர்கள்.

டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. ஏப்ரலில் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தை மூடப்பட்டது. கிருமி மருத்துவமனைக்குள் மட்டும் அடங்கி இருக்காது, சமூகத்துக்குள்ளும் நுழையும் என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

குடும்ப மருத்துவர்களுக்கு அது புதிய அனுபவம். வாசலிலேயே உடல் வெப்பநிலையைப் பார்ப்பது, காய்ச்சல் உள்ளவர்களைத் தனியே உட்காரவைப்பது, என்95 முகக்கவசம் அணிந்து நோயாளியைப் பார்ப்பது ஆகியவை அன்றாட வேலையாக மாறின.

இன்னொன்றும் தெளிவானது. கிருமி பரவும் நேரத்தில் ஒவ்வொரு மருந்தகமும் தனக்குத் தெரிந்ததைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தால் போதாது. எல்லாரையும் ஒரே கட்டமைப்புக்குள் கொண்டுவர வேண்டும்.

அந்தக் கட்டமைப்பு எப்படிச் செயல்படுகிறது?

2009ஆம் ஆண்டு எச்1என்1 சளிக்காய்ச்சல் பரவியபோது அது சோதித்துப் பார்க்கப்பட்டது. நூற்றுக்கணக்கான தனியார் மருந்தகங்கள் தயார்நிலை மருந்தகங்களாகச் செயல்பட்டன. தேசியக் கையிருப்பிலிருந்து டாமிஃபுளு மருந்து அவற்றுக்கு வழங்கப்பட்டது.

பிறகு அந்தத் திட்டம் விரிவடைந்து, "பொதுச் சுகாதாரத் தயார்நிலை மருந்தகங்கள்" என்ற பெயரைப் பெற்றது. சளிக்காய்ச்சல் பரவலோடு, கடும் புகைமூட்டம், ஆந்த்ராக்ஸ் போன்ற பொதுச் சுகாதார நெருக்கடிகளும் அதன் பொறுப்புக்குள் வந்தன.

இதில் மருந்தகங்கள் தாமாக முன்வந்து சேருகின்றன. சேரும் மருந்தகத்துக்கு அரசாங்கம் சிலவற்றை உறுதிசெய்கிறது. நெருக்கடி நேரத்தில் முகக்கவசம், கையுறை, மேலங்கி போன்ற பாதுகாப்புச் சாதனங்கள் தேசியக் கையிருப்பிலிருந்து கிடைக்கும். தேவைப்படும் மருந்தும் தடுப்பூசியும் வரும். நோயாளிகளுக்கு அரசாங்கச் சலுகைக் கட்டணமும் உண்டு.

பதிலுக்கு அந்த மருந்தகம், நெருக்கடி காலத்திலும் கதவைத் திறந்து வைத்திருந்து, சுகாதார அமைச்சின் வழிகாட்டிகளின்படி நோயாளிகளைப் பார்க்க வேண்டும்.

இதைப் போர்க்காலத் தேசியச் சேவையாளர்களோடு ஒப்பிடலாம். சாதாரண நாளில் அவர் உங்கள் அக்கம்பக்க மருத்துவர். அழைப்பு வந்தால் நாட்டின் தற்காப்பு அணியில் ஒருவர்.

"பத்து வெள்ளி போதுமா டாக்டர்?"

அந்த அழைப்பு 2020 பிப்ரவரியில் வந்தது.

சிங்கப்பூரில் கோவிட்-19 கிருமித்தொற்று முதன்முதலில் ஜனவரி 23ஆம் தேதி உறுதிசெய்யப்பட்டது. பிப்ரவரி 7ஆம் தேதி நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்டது. பேரங்காடிகளில் அரிசிக்கும் கழிவறைத் தாளுக்கும் வரிசை நீண்டது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, தயார்நிலை மருந்தகங்களை மீண்டும் செயல்படுத்துவதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. பிப்ரவரி 18ஆம் தேதி முதல் ஏறக்குறைய 900 மருந்தகங்கள் படிப்படியாகக் களத்தில் இறங்கின.

சளி, இருமல், காய்ச்சலுடன் அங்கே போன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் செலுத்த வேண்டியிருந்த சலுகைக் கட்டணம் 10 வெள்ளி. முன்னோடித் தலைமுறையினருக்கும் மெர்டேக்கா தலைமுறையினருக்கும் 5 வெள்ளி.

கட்டணத்தைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. "வெறும் சளிதானே, எதுக்குச் செலவு" என்று நினைப்பவர் மருத்துவரிடம் போகமாட்டார். பானடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

அதே காரணத்துக்காகத்தான் மூச்சுக்குழாய்த் தொற்று அறிகுறி உள்ளவர்களுக்கு 5 நாள் மருத்துவ விடுப்பு கொடுக்கும்படி மருத்துவர்களிடம் கூறப்பட்டது. அந்த நாள்களில் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பது பின்னர் சட்டமானது.

அந்த ஆண்டே சளி மாதிரி எடுக்கும் வேலையும் சில மருந்தகங்களுக்கு வந்தது. மாதிரியை எடுத்துவிட்டு, நோயாளியை வீட்டுக்கு அனுப்பி, முடிவு வரும்வரை அங்கேயே இருக்கச் சொல்வார்கள். முன்பெல்லாம் சோதனைக்காக மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்த பலர், தங்கள் வட்டாரத்திலேயே சோதித்துக்கொண்டார்கள்.

2021இல் தடுப்பூசி போடும் பணியில் பலதுறை மருந்தகங்களுடன் தெரிவுசெய்யப்பட்ட தனியார் மருந்தகங்களும் சேர்ந்தன. "போடலாமா வேணாமா" என்று தயங்கிய முதியவர்கள் பலருக்குத் தெரிந்த மருத்துவரின் ஒரு வார்த்தை உதவியது.

சரி, எங்கே தடுமாற்றம்?

எல்லாம் சீராக நடந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஒன்று: ஒருவரே பல மருத்துவர்களிடம் செல்வது.

கிருமிப்பரவலின் முதல் வாரங்களில் சுகாதார அமைச்சு ஒவ்வொரு நோயாளியும் எங்கெங்கே சென்றார் என்ற விவரத்தை வெளியிட்டது. அறிகுறி தென்பட்ட பிறகு சிலர் ஒன்றுக்கும் மேற்பட்ட மருந்தகங்களுக்குச் சென்றது அதில் தெரிந்தது.

"அந்த டாக்டர் மருந்து கேக்கல, இன்னொருத்தரைப் பார்ப்போம்" என்று நாம் சாதாரணமாகச் செய்வதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். இரண்டு காத்திருப்பு அறைகளில் இருந்தவர்களுக்கு ஆபத்து. அதோடு, நான்கு நாளாகக் காய்ச்சல் குறையவில்லை என்ற முக்கியத் துப்பு எந்த மருத்துவருக்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் அது "முதல் நாள்" நோயாளி.

இரண்டு: வீட்டில் குணமடைவோரை யார் கவனிப்பது?

2021 செப்டம்பரில் தினசரித் தொற்று எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அக்டோபர் 27ஆம் தேதி அது 5,324ஐத் தொட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் வீட்டிலேயே குணமடையும் திட்டம் அப்போதுதான் விரிவாக்கப்பட்டிருந்தது.

தொற்று உறுதியானவர்களில் சிலர் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். உதவித் தொலைபேசிகளில் அழைப்புகள் குவிந்தன. சிங்கப்பூர் ஆயுதப் படை உதவிக்கு வந்தது. அக்டோபரில் விதிமுறைகள் மூன்றே பிரிவுகளாகச் சுருக்கப்பட்டன. உடல்நலமில்லாமல் தொற்று உறுதியானவர்கள், நலமாக இருந்தும் தொற்று உறுதியானவர்கள், தொற்று கண்டவருடன் நெருங்கிய தொடர்பில் இருந்தவர்கள் ஆகியோரே அந்த மூன்று பிரிவினர்.

வீட்டில் இருந்தவர்களுக்குத் தொலைமருத்துவ நிறுவனங்கள் பேருதவி செய்தன. ஆனால் திரையில் வந்த மருத்துவருக்கு நோயாளியை முன்பின் தெரியாது. பின்னர் அக்கம்பக்க மருந்தகங்களும் இந்தப் பணியில் சேர்க்கப்பட்டன.

மூன்று: எம்சி வரிசை.

2022 பிப்ரவரியில் ஓமக்ரான் அலை. ஒரே நாளில் 26,000க்கும் அதிகமானோருக்குத் தொற்று. மருந்தகங்களின் வாசலில் நீண்ட வரிசை. அதில் நின்றவர்களில் பலருக்குச் சிகிச்சை தேவைப்படவில்லை. வேலையிடத்தில் காட்ட ஒரு சான்றிதழ்தான் தேவைப்பட்டது.

மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கேட்க வேண்டாம் என்று முதலாளிகளை அமைச்சு கேட்டுக்கொண்டது. லேசான அறிகுறி உள்ளவர்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டாம் என்றும் வலியுறுத்தியது. மருத்துவரின் நேரம் ஒரு தாளுக்காகச் செலவாகும்போது, மூச்சுத் திணறலோடு வந்தவர் வரிசையில் பின்னால் நிற்கிறார்.

நான்கு: மாறிக்கொண்டே இருந்த விதிகள்.

யாரைச் சோதிப்பது, யாரை மருத்துவமனைக்கு அனுப்புவது என்ற வழிகாட்டிகள் அடிக்கடி மாறின. புதிய கிருமி என்பதால் அதைத் தவிர்ப்பது கடினம். ஆனால் பெரிய மருத்துவமனையில் அதைப் படித்துச் சொல்ல ஒரு குழு இருக்கும். ஒற்றை மருத்துவர் மருந்தகத்தில், இரவு கடையைச் சாத்திய பிறகு அவரே படிக்க வேண்டும். காலையில் உதவியாளருக்கும் அவரே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"எந்த டாக்டரா இருந்தா என்ன?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம்.

கோவிட்-19க்கான பாக்ஸ்லோவிட் மாத்திரை 2022இல் சிங்கப்பூரில் அனுமதிக்கப்பட்டது. நோய் கடுமையாகும் அபாயம் உள்ளவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. அறிகுறி தொடங்கிய 5 நாள்களுக்குள் அதைத் தொடங்க வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் உள்ளது. அந்த மாத்திரையில் உள்ள ரிட்டோனாவிர் என்னும் பொருள், வேறு சில மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். கொழுப்பைக் குறைக்க நம் வீடுகளில் பலர் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டின் அவற்றுள் ஒன்று. இரண்டையும் சேர்த்து உட்கொண்டால், கொழுப்பு மருந்தின் அளவு ரத்தத்தில் அபாயகரமாகக் கூடலாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் பாக்ஸ்லோவிட்டின் அளவையும் குறைக்க வேண்டும்.

இப்போது உங்கள் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 72. நீரிழிவு, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றுக்கும் மருந்து சாப்பிடுகிறார். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள், இதுவரை பார்க்காத மருத்துவரிடம் போகிறார்.

"அங்கிள், என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்ச மாத்திரை ஒண்ணு டாக்டர்..."

அந்த மருத்துவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், இதை வைத்து எப்படி முடிவெடுப்பார்? ஐந்து நாளில் மூன்று ஏற்கெனவே போய்விட்டது. ஐந்து ஆண்டாக அவரைப் பார்த்துவரும் மருத்துவருக்கோ மருந்துப் பட்டியலும் சிறுநீரகச் சோதனை முடிவும் கணினித் திரையிலேயே இருக்கும்.

அதனால்தான் கிருமிப்பரவலுக்கான தயார்நிலையை முகக்கவசக் கையிருப்பை மட்டும் வைத்து அளக்க முடியாது. உங்களை முன்கூட்டியே அறிந்த ஒரு மருத்துவர் இருப்பதும் தயார்நிலைதான். அதைக் கிருமி வந்த பிறகு அவசரமாக உருவாக்க முடியாது.

ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2022இல் வெளியான ஹெல்தியர் எஸ்ஜி வெள்ளை அறிக்கை ஒரு விவரத்தைக் குறிப்பிட்டது. சிங்கப்பூரர்களில் ஐந்தில் மூவருக்குத்தான் வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவர் இருக்கிறார். மற்ற இருவர், வசதியான இடத்தில் திறந்திருக்கும் மருந்தகத்துக்குப் போகிறார்கள்.

திட்டம் 2023 ஜூலை 5ஆம் தேதி தொடங்கியது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்து அதில் பதிந்துகொள்ளலாம். 2024ஆம் ஆண்டுக்குள் ஒரு மில்லியனுக்கும் அதிகமானோர் பதிந்துகொண்டனர்.

பதிந்துகொண்டதும் நடக்கும் முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. மருத்துவர் உங்களுடன் பேசி ஒரு சுகாதாரத் திட்டத்தை வகுப்பார். பரிந்துரைக்கப்பட்ட உடல்நலப் பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் பதிந்துகொண்ட குடிமக்களுக்கு இலவசம்.

நாள்பட்ட நோய்களைத் தடுப்பதுதான் இதன் முதன்மை நோக்கம். ஆனால் கிருமிப்பரவலின்போதும் இது கைகொடுக்கும். தடுப்பூசி யாருக்கு முதலில் தேவை, யாரைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க வேண்டும் என்று மருந்தகத்துக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இந்தத் திட்டத்தில் சேரும் தனியார் மருந்தகங்கள் அடிப்படைப் பராமரிப்புக் கட்டமைப்பு ஒன்றிலும் சேர வேண்டும். 2018 முதல் செயல்படும் இந்தக் கட்டமைப்புகளில் மருந்தகங்கள் தாதியரையும் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரையும் பகிர்ந்துகொள்கின்றன. தனி ஆளாக நின்ற மருத்துவருக்கு இப்போது பக்கத்தில் ஒரு குழு இருக்கிறது.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு?

தமிழகத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஊழியர்களுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் அவர்களுக்குப் பொருந்தாது.

2020இல் கிருமி மிக வேகமாகப் பரவியது தங்குவிடுதிகளில்தான். அந்த ஆண்டின் இறுதிக்குள், விடுதிகளில் வசித்த ஊழியர்களில் ஏறக்குறைய 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது, பிசிஆர் சோதனையையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தபோது தெரியவந்தது. மருத்துவக் குழுக்கள் விடுதிக்குள்ளேயே அனுப்பப்பட்டன. தமிழிலும் வங்காள மொழியிலும் விளக்கிச் சொல்ல மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்டார்கள். "நெஞ்சு அடைக்குது" என்று சொல்வதை மருத்துவர் புரிந்துகொள்ளாவிட்டால் எந்தச் சாதனம் இருந்து என்ன பயன்?

2022 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் விடுதிகளில் வசிக்கும் ஊழியர்களுக்கும் கட்டுமானம், கடல்துறை, பதனீட்டுத் துறை ஊழியர்களுக்கும் அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளி முன்கூட்டியே பணம் கட்டிவிடுகிறார். ஊழியர் குறிப்பிட்ட மருத்துவ நிலையத்துக்குச் சென்று சிகிச்சை பெறலாம்.

நீங்கள் அந்த ஊழியராக இருந்தால், உங்களுக்கான நிலையம் எது என்பதை இன்றே மேற்பார்வையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் வந்த இரவில் தேட வேண்டாம்.

இன்னும் என்ன மிச்சம்?

நோயாளியின் விவரங்கள் எல்லா மருந்தகங்களிலும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு 2011 முதல் இருக்கிறது. ஆனால் தனியார் மருந்தகங்கள் பலவும் அதில் விவரங்களைப் பதிவேற்றாமல் இருந்தன. அந்த இடைவெளியை மூடுவதுதான் 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட சுகாதாரத் தகவல் மசோதாவின் முக்கிய நோக்கம்.

நெருக்கடி நேரத்தில் உத்தரவுகள் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். அதற்காகத் தொற்றுநோய்கள் அமைப்பு 2025 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கப்பட்டது. நோய்களைக் கண்காணிப்பது முதல் தயார்நிலை வரையிலான பொறுப்புகள் இப்போது அதன்கீழ் வருகின்றன.

2030க்குள் பலதுறை மருந்தகங்களின் எண்ணிக்கையை 32க்கு உயர்த்தும் திட்டமும் உண்டு.

ஆனால் கட்டடங்களும் சட்டங்களும் தீர்க்க முடியாத ஒரு பிரச்சினை இருக்கிறது. அது ஆள்பலம். ஒற்றை மருத்துவர் மருந்தகத்தில் அந்த மருத்துவரும் ஒரு மனிதர். அவருக்கும் வீட்டில் வயதான பெற்றோர் இருக்கலாம். அவர் 14 நாள் வீட்டில் இருக்க நேர்ந்தால் வாடகையும் சம்பளமும் நிற்காது. அடுத்த முறை அவர் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தால், அவருக்குப் பதிலாள் யார் என்பதையும் இப்போதே திட்டமிட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

தயார்நிலையில் ஒரு பகுதி உங்கள் கையில் இருக்கிறது. இவற்றைக் கிருமி இல்லாத காலத்தில் செய்வது எளிது.

1. ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள். 40 வயதைக் கடந்தவர் என்றால் ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் மூலம் பதிந்துகொள்ளலாம். பெற்றோருக்குச் செயலி பழக்கமில்லையா? நீங்கள் உடனிருந்து உதவுங்கள். இளையர்களும் காரணமில்லாமல் மருந்தகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

2. மருந்துப் பட்டியலைக் கைபேசியில் வைத்திருங்கள். ஒவ்வொரு மருந்து உறையையும் படம் எடுத்துக்கொண்டால் போதும். மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் எழுதி வையுங்கள். நாட்டு மருந்து, ஊரிலிருந்து வந்த லேகியம் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

3. தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சளிக்காய்ச்சல், நிமோகோக்கல் தடுப்பூசிகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

4. காய்ச்சலோ இருமலோ இருந்தால் முகக்கவசம் அணிந்து செல்லுங்கள். கிருமிப்பரவல் காலத்தில், போகும் முன் மருந்தகத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். எந்த நேரத்தில் வரலாம், எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று சொல்வார்கள்.

5. குணமாகவில்லை என்றால் அதே மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். "மருந்து கேக்கல டாக்டர்" என்று சொல்வதில் தவறில்லை. அந்தத் தகவல் அவருக்கு மிகவும் தேவை.

6. நாள்பட்ட நோய்க்கான மருந்து தீரும்வரை காத்திருக்காதீர்கள். 2020 ஏப்ரலில் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பிலிருந்தபோது, நாள்பட்ட நோய்களுக்கான காணொளிவழி ஆலோசனைக்கும் மெடிசேவ், சாஸ் சலுகைகள் நீட்டிக்கப்பட்டன. உங்கள் மருத்துவர் காணொளிவழி பார்ப்பாரா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

7. 2021இல் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த ஆக்சிஜன் அளவுமானி அலமாரியில் எங்கேயாவது கிடக்கும். எடுத்து மின்கலத்தை மாற்றி, வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

8. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் விழிக்காத நிலை ஆகியவற்றில் எது இருந்தாலும் மருந்தகத்துக்குப் போக வேண்டாம். உடனே 995ஐ அழையுங்கள்.

9. நீங்கள் முதலாளியா, மேலாளரா? கிருமிப்பரவல் உச்சத்தில் இருக்கும்போது ஊழியரிடம் எம்சி கேட்காதீர்கள். சுயபரிசோதனை முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் ஒரு தாள், மருந்தக வரிசையில் ஓர் இடத்தைக் காலியாக்கும்.

அடுத்த கிருமி எது, எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2003, 2009, 2020 என மூன்று முறையும் முதல் நோயாளிகள் சாதாரணக் காய்ச்சல்காரர்களைப் போலத்தான் தெரிந்தார்கள். அடுத்த முறையும் அப்படித்தான் இருக்கும்.

இந்த வாரம் வீட்டில் பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அம்மா, உங்க டாக்டர் யாரு?" உடனே ஒரு பெயர் வந்தால் நல்லது. "யாரா இருந்தா என்ன" என்று பதில் வந்தால், தொடங்க வேண்டிய இடம் அதுதான்.